கொதிக்க வைத்தால் காளான் விஷம் போகுமா?

“எந்தக் காளானையும் மஞ்சள் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்தால் விஷம் இறங்கிவிடும், வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் தைரியமாகச் சாப்பிடலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஐரோப்பாவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவிய ‘டெத் கேப்’ காளானில் ஆல்ஃபா அமானிட்டின் என்ற நஞ்சு இருக்கிறது. எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகப் பின்னிய மூலக்கூறு அது. கொதிநீருக்கும் அசையாது, காயவைத்தாலும் போகாது. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். அவித்த முட்டை பட்டாலே கறுக்கும். இந்த நஞ்சுக்கு அது கறுப்பதில்லை.

உடலுக்குள் இந்த நஞ்சு போய்ப் பிடிப்பது ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதியை. மரபணுவைப் படித்து, புரதம் செய்வதற்கான குறிப்பான தூது ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் இயந்திரம் இதுதான். 12 புரதத் துண்டுகள் சேர்ந்தது அது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான எழுத்துகளைப் படியெடுக்கும் நொதி, அமானிட்டின் ஒட்டியதும் ஒருசில எழுத்துகளோடு திணறும். போதாததற்கு, அதன் மிகப்பெரிய துண்டையே செல் சிதைத்துவிடுகிறது. புதிய புரதம் இல்லாமல் கல்லீரல் செல்கள் மடிகின்றன.

வாந்தியும் பேதியும் தொடங்கவே பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் ஆகும். பிறகு சற்றுத் தேறியதுபோல் இருக்கும். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து, கல்லீரல் பழுதடைவது அப்போதுதான். அடையாளம் தெரியாத காளானைச் சாப்பிட்டிருந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.