ஒளி சமமாக விழ வேண்டும்
பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்துச் சூரிய மின் பேனலில் விழும் ஒளியை இரண்டு மடங்காக்கினால் மின்சாரமும் இரண்டு மடங்காகும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஒளி பேனல் முழுக்கச் சமமாக விழுந்தால்தான் அதன் பக்கத்திலாவது வரும். கேரள எல்லையை ஒட்டிய புளியரையில், தோட்டத்து பேனலுக்குக் கீழே பளபளப்பான தகரம் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பேனலில் வரிசையாக இருக்கும் சிறு மின்கலங்களில் (செல்கள்) கீழ் வரிசை மட்டும் மின்னியது. ஆம்பியர் ஏறவே இல்லை. செல்கள் தொடராக இணைந்தவை. வெளிச்சம் குறைந்த செல் எவ்வளவு மின்னோட்டம் விடுகிறதோ, மொத்தத்துக்கும் அவ்வளவுதான். அப்புறம் சூடு: சிலிக்கான் செல் ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிவோல்ட் போய்விடும். ஒரே செல்லிலும் ஒளி ஓரிடத்தில் குவிந்தால் அங்குள்ள மெல்லிய வெள்ளிக் கோடுகளில் மின்னோட்டம் நெரியும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. லென்ஸால் ஒளியைக் குவிக்கும் அமைப்புகளில், லென்ஸுக்கும் செல்லுக்கும் நடுவே ஒளியைக் கலந்து பரப்பும் கண்ணாடித் தண்டு வைப்பது இதற்காகத்தான். பம்புசெட்டுக்குப் பேனல் போடுகிறவர்களும் படிக்கிறார்கள், இதை அவசியம் சேருங்கள்.