ஜாவா கோப்பையும் 1511 தடையும்

ஆரக்கிள் நிறுவனம் 2023இல் ஜாவா என்ற நிரல்மொழிக்கான கட்டணத்தை, வாங்கும் நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கைப்படி மாற்றியதைப் பற்றி இணையத்தில் எல்லோரும் சொல்வது சரி. அந்தப் பேச்சின் நடுவில் ஒருவர், 'ஜாவாவின் கோப்பைச் சின்னத்தில் இருக்கும் காபியையே இஸ்லாம் ஹராம் என்று ஒதுக்கியது, காபிக்கடையை உலகத்துக்குக் கொடுத்தது ஐரோப்பா' என்று எழுதியிருக்கிறார். இது தப்பு.

காபி குடிக்கும் பழக்கத்தைப் பரப்பியதே ஏமன் சூஃபிகள்தான். இரவு திக்ருக்கு, அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழிபாட்டுக்கு, கண் விழிக்க வேண்டுமே. அவர்கள் வழியாக அது கெய்ரோவுக்குப் போனது. அங்கே திங்கள், வெள்ளி இரவுகளில் பெரிய செம்மண் பாத்திரத்தில் காபி இருக்கும்; தலைவர் சின்ன அகப்பையால் மொண்டு கொடுக்க, வலப்பக்கமாகக் கை மாறிப் போகும், வாயில் 'அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை' என்ற கலிமா.

தடை வந்தது உண்மை. 1511இல் மெக்காவில் கெய்ரோவிலிருந்து ஆண்ட மம்லூக் அரசின் அதிகாரி காயிர் பேக், இரவில் விளக்கு வைத்துக் கூடிக் குடித்தவர்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, மருத்துவர்களையும் சாட்சிக்கு அழைத்துத் தடை போட்டார். ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை கூட்டம் கூடிக் குடிப்பதைத்தான் தடுத்தது, காபியை அல்ல! அறிஞர்களுக்குள் வாதம் நீண்டகாலம் நடந்தது, கடைசியில் காபிதான் ஜெயித்தது. 1633இல் உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காபிக்கடைகளை மூடியதிலும் அரசியல் பயம்தான் அதிகம். நாலு பேர் உட்கார்ந்தால் சுல்தானைப் பற்றித்தானே பேசுவார்கள்.

இஸ்தான்புல்லில் காபிக்கடை 1550களிலேயே வந்துவிட்டது, லண்டனில் 1652இல். அப்புறம் அந்தப் பெயருள்ள, இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்கே டச்சுக்காரர்கள் காபிக் கன்றுகளைக் கொண்டு போனது 1690களில், நம்ம மலபாரிலிருந்து.