இரண்டாவது ஃப்ளூ ஊசி எதற்கு?

மூன்று வயதாகும் எங்கள் மகளுக்குச் சென்ற ஆகஸ்டில் முதன்முறையாக ஃப்ளூ தடுப்பூசி போட்டோம். நான்கு வாரம் கழித்து இன்னொன்று போட வேண்டும் என்று மருத்துவர் அட்டையில் தேதி குறித்துக் கொடுத்தார். அன்றிரவு அவளுக்கு லேசாக அடித்த காய்ச்சல் மறுநாளே தணிந்துவிட்டது. வீட்டில் எழுந்த விவாதம்தான் தணியவில்லை. "பெரியவர்களுக்கே வருடத்துக்கு ஒன்றுதானே, இந்தப் பிஞ்சுக்கு எதற்கு இரண்டு?" என்று மாமியார் கேட்டார். அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லாத இந்த ஊசிக்கு ஒவ்வொரு முறையும் ஆயிரத்துக்கு மேல் நம் கையிலிருந்து போகிறது என்பதால், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஆனால் விடை அத்தையின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வளர்ந்தவர்களின் உடல் இந்த வைரஸைப் பலமுறை சந்தித்துப் பழகியது. குழந்தையின் உடலுக்கு அது பெரும்பாலும் புதிது. முதல் தவணை அடையாளம் காட்டுகிறது, இரண்டாவதுதான் போதிய அளவு எதிர்ப்பாற்றலை எழுப்புகிறது. ஆகவே அதைக் கூடுதல் ஊசி என்று நினைப்பதே பிழை என்பது என் கருத்து. ஒன்பது வயதுக்குள் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும் குழந்தைக்குக் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும் என்பதில் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் அமெரிக்க, ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்களும் ஒன்றுபடுகின்றன.

பிரிட்டனோ வேறு வழியில் போகிறது. அங்கே ஆரோக்கியமான குழந்தைகளுக்கு மூக்கில் தெளிக்கும் மருந்து ஒரே தவணைதான். இரண்டாவதால் கூடும் பாதுகாப்பு சொற்பம் என்பது அவர்களின் கணக்கு. ஆனால் அது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸால் ஆன மருந்து. அதை வைத்து, உயிருள்ள வைரஸ் இல்லாத நம் ஊசியை அளப்பது சரியாகாது. தவிர, ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோயுள்ள, இதுவரை ஊசியே போடாத ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அங்கும் இரண்டு தவணைதான்.

பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் இரண்டு தேவையில்லை. இரண்டு தவணை முடிந்த குழந்தைக்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்று போதும். சென்ற ஆண்டு ஒன்றோடு நிறுத்தியவர்கள், குழந்தைக்கு இன்னும் ஒன்பது வயதாகவில்லை என்றால், அமெரிக்க வழிகாட்டுதலின்படி இந்த ஆண்டு இரண்டு போட வேண்டும். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் அங்கே போய்விடும்.

காலமும் முக்கியம். வட இந்தியாவில் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சமடையும் ஃப்ளூ, சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில்தான் ஏறுகிறது. ஊசியின் பலன் கூடிவர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழை தொடங்கிய பின் யோசிக்க உட்காருவது தாமதம்தான். (ஊசி போட்டும் சளி பிடித்ததே என்பவர்களுக்கு: சாதாரணச் சளியைத் தருவது வேறு வைரஸ்கள்.)

நாங்களும் வாதாடி வாதாடிக் குறித்த தேதியைத் தாண்டி, பதினோரு நாள் கழித்தே போனோம். முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தோடு கேட்டபோது, மருத்துவர் அட்டையைப் பார்த்துவிட்டு, அப்படியெல்லாம் இல்லை என்று இரண்டாவதைப் போட்டு அனுப்பினார். இந்த ஆண்டு அவளுக்கு ஒன்றுதான்.