அந்தச் செடிகளைப் பறிமுதல் செய்தது சரிதான்

மூன்று நாட்களாக அந்த விமான நிலையக் காணொளி என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்க்காதவர்கள் இங்கே அநேகமாக இருக்க மாட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞரின் பையில் ஈரமான நாளிதழில் சுற்றிய ஆறு செடிகள், வேரோடு ஒட்டியிருந்த மண், பையைத் திறந்து வைத்தபடி நிற்கும் அந்தப் பெண் அதிகாரி, "ஒரு செடிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கும் குரல். அதற்குச் சிரிப்புக் குறியிட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் சிலர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எங்கள் காட்டில் விளைந்த குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அவித்துச் சாப்பிட்டவர்கள். அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த அதிகாரி செய்தது சரி. செடி ஆறாக இருந்தாலும் சரி, ஒன்றாக இருந்தாலும் சரி, அம்மாவின் மாடித் தோட்டத்துக்காக ஆசையோடு வாங்கி வந்ததாக இருந்தாலும் சரி. அந்த இளைஞரின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பூச்சிக்குப் பாசம் தெரியாது, அது யார் பையில் வந்தோம் என்று பார்த்து முட்டையிடுவதில்லை.

"ஒரு செடியில் என்ன வந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு மரவள்ளி மாவுப்பூச்சியைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பூச்சியில் ஆண் கிடையாது, எல்லாமே பெண். துணை எதுவும் இல்லாமல் ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆறு செடி வேண்டியதில்லை, ஓர் இலையின் அடியில் உயிரோடு ஒட்டியிருக்கும் ஒரே ஒரு பூச்சி போதும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதிக்குள் நுழைந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தக் கண்டத்தில் மரவள்ளியை நம்பி வாழ்ந்த நாடுகளில் பெரும்பாலானவற்றை எட்டிவிட்டது. 2008இல் தாய்லாந்தில் தெரிந்தது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. எப்படி வந்தது, யாரோடு வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடல் கடந்து தானாகப் பறந்து வரக்கூடிய பூச்சி அது இல்லை என்பது மட்டும் தெரியும். ஏதோ ஒரு குச்சியிலோ ஏதோ ஒரு இலையிலோ, யாரோ ஒருவர் ஆசையோடு கொண்டு வந்த ஏதோ ஒன்றில்தான் அது வந்திருக்க வேண்டும்.

ஆசையோடு கொண்டு வருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 2021 தை மாதம் என் சித்தப்பா ஒரு டெம்போவில் ஆயிரத்துச் சொச்சம் விதைக் குச்சிகளைக் கொண்டு வந்து எங்கள் மேட்டுக்காட்டில் இறக்கினார். வெளியூரில் உறவுக்காரர் ஒருவரின் காட்டில் நல்ல விளைச்சல் கண்ட குச்சி, மில்லில் பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) கூடுதலாக நிற்கிறது என்று கேள்விப்பட்டு, வாடகை கொடுத்துப் போய் வாங்கி வந்தார். நான்தான் அவரோடு சேர்ந்து அவற்றை நடுவதற்கான துண்டுகளாக, கரணைகளாக வெட்டினேன். குச்சியின் கணுக்களில் அங்கங்கே சுண்ணாம்புத் தூள் ஒட்டியது போல வெள்ளையாக இருந்தது. கட்டை விரலால் துடைத்துவிட்டு நட்டோம். சித்தப்பாவுக்கு அது என்ன என்று தெரியாது, எனக்கும் தெரியாது, எங்களுக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

பங்குனி வெயில் ஏறியபோது செடிகளின் நுனி வளராமல் நின்றுவிட்டது. இலைகள் விரியாமல் முட்டைக்கோசு போலக் கொத்தாகச் சுருண்டன, தண்டு கணு இடைவெளி குறைந்து கோணிக்கொண்டது. நுனிக் கொத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு பஞ்சாகப் பூச்சி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மூன்று முறை மருந்து அடித்தோம். மெழுகுப் பூச்சும் சுருண்ட இலையும் கவசமாக இருந்ததால் மருந்து உள்ளே போகவே இல்லை. பத்து மாதம் காத்திருந்து பறித்தபோது கிழங்கு கைவிரல் பருமனில் வந்தது. மில்லில் பாயிண்ட் வைத்துப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்ன விலை, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் காணவில்லை.

எங்கள் நஷ்டம் எங்களோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காட்டுக்காரர் நட்டிருந்தது அவரே பல வருடங்களாக எடுத்து வைத்துப் பெருக்கிய சொந்த முள்ளுவாடி ரகக் குச்சி. வெளியிலிருந்து ஒரு குச்சிகூட அவர் வாங்கவில்லை. சித்திரை முடிவதற்குள் அவர் காட்டிலும் நுனி சுருண்டது. அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எல்லாப் பக்கமும்தான் வந்திருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம், அந்த வருடம் வட்டாரம் முழுக்கத்தான் வந்தது. ஆனாலும் கணுவிலிருந்த அந்த வெள்ளையைக் கட்டை விரலால் துடைத்தது எனக்கு மறக்கவில்லை. "ஒரு செடிதானே" என்று யாராவது சொன்னால், நான் துடைத்த அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

இனி அந்த அதிகாரியைக் குறை சொல்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"மரவள்ளியே வெளிநாட்டுப் பயிர்தானே, மிளகாயும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வந்தவைதானே, அப்போது யார் பையைத் திறந்து பார்த்தார்கள்?" என்று படித்த நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மரவள்ளி வெளிநாட்டுப் பயிர்தான். 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பஞ்சத்துக்கு உதவும் என்று அதைப் பரப்பினார். ஆனால் கிழங்கு வந்தபோது அதன் எதிரி கூட வரவில்லை. நூறு வருடங்களுக்கு மேல் இங்கே அந்தப் பயிர் இவ்வளவு செழித்ததற்கும், சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள் எழுந்ததற்கும், என் தாத்தா கிணறு வெட்டியதற்கும் அந்தப் பூச்சி இங்கே இல்லாததும் ஒரு காரணம். அந்த இல்லாமையைக் காப்பாற்றுவதுதான் அந்த அதிகாரியின் வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காவல் காப்பவரைப் பார்த்தால் வெட்டியாக நிற்பவர் போலத்தான் தெரியும்.

"பூச்சி காற்றில் வரும், பறவையில் வரும், எதை எதை நிறுத்துவீர்கள்?" என்பது அடுத்தது. மக்காச்சோளத்தின் படைப்புழு 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தெரிந்தது. அதன் அந்துப்பூச்சி ஓர் இரவில் வெகுதூரம் பறக்கக்கூடியது, அதைப் பையைச் சோதித்து நிறுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருடன் கூரையைப் பிரித்தும் வரக்கூடும் என்பதற்காக வாசல் கதவைக் கழற்றி வைக்கிறோமா?

"கப்பலில் கன்டெய்னர் கன்டெய்னராக வருவதை விட்டுவிட்டு ஏழைப் பயணியைப் பிடிக்கிறார்கள்" என்றும் சொல்கிறார்கள். துறைமுகத்தில் சோதனை போதாது என்றால் அங்கே கூட்டச் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். விமான நிலையத்தில் குறைக்கச் சொல்லாதீர்கள்.

அந்த அதிகாரி கொஞ்சம் கடுமையாகப் பேசினார் என்பதையும் மறுக்கவில்லை. இன்னும் தன்மையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு பேர் செல்பேசியை முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கும்போது தன்மையாகப் பேசுவதற்கு எத்தனை பேரால் முடியும் என்றும் யோசித்துப் பாருங்கள். அவர் தன் விருப்பத்துக்குப் பறித்ததாகப் பேசுகிறீர்கள். அழிவு தரும் பூச்சிகளையும் நோய்களையும் தடுக்கும் சட்டம் இந்த நாட்டில் 1914இலிருந்தே இருக்கிறது. இறக்குமதிக்கான தாவரத் தொற்றுத்தடை ஆணை 2003இல் வந்தது. அனுமதிச் சீட்டும், புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் வேரும் மண்ணுமாகச் செடி கொண்டு வரக் கூடாது என்பது அவர் அன்று காலையில் உண்டாக்கிய விதி இல்லை.

இதே ஆட்கள் வெளிநாட்டில் இறங்கும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் ஊறுகாய்ப் பாட்டிலைக்கூட அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் பேசாமல் நிற்பார்கள். 2022இல் இந்தோனேசியாவில் கோமாரி பரவியிருந்த நேரத்தில், பாலியிலிருந்து டார்வின் போய் இறங்கிய பயணி ஒருவரின் பையில் சொல்லாமல் கொண்டு வந்த முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு மஃபின்களை மோப்ப நாய் கண்டுபிடித்தது. அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர். அதைப் படித்தபோது "என்ன கட்டுப்பாடு, என்ன ஒழுங்கு" என்று பகிர்ந்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் நாட்டு மாடு மாடாகத் தெரிகிறது, நம் ஊர்க் குச்சிக்கிழங்கு கேலியாகத் தெரிகிறது.

அந்த நாடு அப்படிப் பயப்படக் காரணம் இருக்கிறது. 2001இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அழித்தார்கள். சட்டவிரோதமாக உள்ளே வந்த இறைச்சி, சரியாகக் கொதிக்க வைக்காத எச்சில் தீவனமாக ஒரு பன்றிப் பண்ணைக்குப் போனதில் அது தொடங்கியிருக்க வேண்டும் என்பது விசாரணையில் வந்த முடிவு. நமக்கும் அந்தப் பாடம் புதிதில்லை. எங்கள் பாட்டி, மாடுகளைக் கொல்லும் கொள்ளை நோயின் பெயரான "வெக்கை" என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார். தொழுவத்தில் அந்தப் பெயரை எடுக்கக் கூடாது என்பார். அந்த வெக்கை நோய் இந்தியாவில் 1995க்குப் பிறகு வரவில்லை, 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஊர் ஊராக ஊசி போட்டவர்களும், சோதனைச் சாவடியில் மாட்டு வண்டிகளை நிறுத்தித் திட்டு வாங்கியவர்களும் செய்த வேலை அது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அந்தக் காவல் நழுவினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். மாடுகளின் தோல் கழலை நோய் 2019இல் ஒடிசாவில் முதலில் தெரிந்தது, 2022இல் ராஜஸ்தான், குஜராத் உட்பட நாடு முழுவதும் லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் செத்தன. என் அக்கா வீட்டில் சந்தையில் பிடித்து வந்த கறவை மாடு ஒன்றுக்கு வந்தது. உடம்பு முழுக்க எலுமிச்சங்காய் அளவில் கழலை. உட்கார்ந்தால் எழ முடியாமல், எழுந்தால் உட்கார முடியாமல் நின்றது. அக்கா ராத்திரியெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவினார். மாடு பிழைத்தது, பால் வற்றிவிட்டது. சங்கத்தில் பால் ஊற்றி அந்தப் பணத்தில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த வீடு அது. அப்போது யாரும் அக்கா வீட்டு வாசலுக்கு வந்து காணொளி எடுக்கவில்லை.

எங்கள் மரவள்ளிக்கு விடிவு வந்தது ஒரு குளவியால். எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து அதைக் கூடாக்கிவிடும். பராகுவேயில் அதைக் கண்டுபிடித்து ஆப்பிரிக்காவில் விட்டு மரவள்ளியைக் காப்பாற்றிய திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். பெனின் நாட்டிலிருந்த அந்தக் குளவி பெங்களூருவின் தேசிய ஆய்வகத்துக்கு வந்தது. நாங்கள் காட்டில் நின்று தவித்துக்கொண்டிருந்த நேரத்திலும் அதை உடனே திறந்துவிடவில்லை. பூட்டிய அறையில் வளர்த்து, நம் நாட்டின் மற்ற நல்ல பூச்சிகளுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்து, அனுமதி பெற்று, 2022 மார்ச் மாதம்தான் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரின் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியில் விட்டார்கள். நன்மை செய்ய வந்த பூச்சியே அத்தனை கதவுகளைத் தாண்டித்தான் இந்த மண்ணுக்குள் வந்தது. அந்த இளைஞரின் செடிக்கு ஒரு கதவு இருந்தது தப்பா?

இதற்குப் பிறகும் என்னை "அரசாங்கத்துக்கு ஜால்ரா" என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். அரசாங்கத்திடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. அந்த வருடம் குச்சி வாங்கும் முன் எங்களை எச்சரிக்க ஏன் ஒருவர்கூட ஊருக்குள் வரவில்லை என்பதை இன்றும் கேட்பேன். அதைக் கேட்பதும், தன் வேலையைச் செய்த ஒரு பெண்ணைக் கேலிப் பொருளாக்குவதும் ஒன்றல்ல.

பக்கத்துக் காட்டுக்காரர் இப்போது மரவள்ளி வைப்பதில்லை. மக்காச்சோளம் விதைத்திருக்கிறார். பத்து வருடத்துக்கு மேல் பார்த்துப் பார்த்துச் சேர்த்த முள்ளுவாடிக் குச்சியில் ஒரு கரணைகூட அவரிடம் மிச்சமில்லை. அந்தக் காணொளிக்குச் சிரிப்புக் குறியிட்ட நாற்பத்து மூன்று பேரில் அவருடைய மகனும் ஒருவன். அவன் இப்போது நகரத்தில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இன்று காலை தனியாக எழுதி, அந்தக் கணுவில் நான் பார்த்த வெள்ளையைப் பற்றி முதல் முறையாகச் சொன்னேன். படித்துவிட்டான், இன்னும் பதில் வரவில்லை.