கழுவிப் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்காதீர்கள்!

ஸ்கூட்டரில் ஆயில் ஒழுகுகிறது என்று சர்வீஸ் சென்டரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஜாப் கார்டில் 'ஆயில் லீக்' என்று எழுதுவார்கள், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரை எட்டிப் பார்ப்பார்கள், அடுத்த நொடி தீர்ப்பு வந்துவிடும்: "இன்ஜின் இறக்கணும் சார்." எங்கிருந்து ஒழுகுகிறது என்று கேட்டால், "பிரிச்சாத்தான் தெரியும்." பிரித்தால்தான் தெரியும் என்றால், ஏழாயிரம் ரூபாய் ஆகும் என்பது மட்டும் பிரிக்காமலே எப்படித் தெரிந்தது?

வயிறு எரிகிறது. எங்கள் வீட்டில் இருப்பது ஊரே ஓட்டுகிற 110 சிசி கியர் இல்லாத வண்டி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அரிசி மூட்டை எடுத்து வருவது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் அதில்தான். அந்த ஏழாயிரம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

சரி, தெருமுனைப் பட்டறைக்குப் போனால் அங்கே வேறு மாதிரி. சொட்டு எங்கே தொங்குகிறதோ அங்கேதான் கை வைப்பார்கள். என் வண்டியில் சொட்டு தொங்கியது அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற ட்ரெயின் போல்ட்டில். உடனே நீளமான ராடை மாட்டி ஒரே இறுக்கு. ஒழுகல் நிற்கவில்லை. இன்னொரு பட்டறையில் போல்ட்டைச் சுற்றி அனபாண்டை, அதாவது இடுக்கை அடைக்கும் பசையை, அப்பிவிட்டார்கள். அதற்கும் நிற்கவில்லை. "பழைய வண்டிண்ணே, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அப்பப்ப ஆயில் ஊத்தி ஓட்டுங்க" என்றார் அந்தத் தம்பி. ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டுவதற்கு ஒரு பட்டறை எதற்கு?

ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால், சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். வண்டி என்றால் மட்டும் அந்த அறிவு எங்கே போகிறது? இந்த வண்டிகளில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் முன்பக்கம் பார்த்து இருக்கும். அதன் நுனியில் வால்வுகள் இருக்கும் ஹெட், அதன் மேல் மூடியாக டாப்பெட் கவர். அங்கே கசிகிற ஆயில் சிலிண்டரின் அடிவயிற்றில் ஓடி, கொஞ்சம் சைலன்சர் பைப்பில் விழுந்து கருகும். மிச்சம் ஓடுகிற காற்றில் பின்னால் இழுபட்டு, இன்ஜினின் ஆகத் தாழ்ந்த இடத்தில் வந்து தொங்கும். அந்தத் தாழ்ந்த இடம்தான் ட்ரெயின் போல்ட். போதாததற்கு இன்ஜினைக் குளிர வைக்க ஒரு ஃபேன், அதைச் சுற்றிக் கருப்பு பிளாஸ்டிக் கவர். உள்ளே கசிகிறதை ஃபேன் காற்று நாலா பக்கமும் விசிறியடிக்கிறது. தூசி அதன்மேல் படிந்து எல்லா இடமும் ஒரே கருஞ்சேறு. அதைப் பார்த்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.

அதனால்தான் முதலில் கழுவ வேண்டும். இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எல்லா வேலையும் முடித்த பிறகு, கடைசியில் வாட்டர் வாஷ் போடுகிறார்கள்! பளபளவென்று வண்டியைக் கையில் கொடுக்கிறார்கள். ஒழுகல் நின்றுவிட்டதாக நாமும் நம்பி வீட்டுக்கு வருகிறோம். நிற்கவில்லை, துடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். வேலையைத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஒரே காரியத்தைக் கடைசிக்குத் தள்ளி, அதற்கும் பில்லில் ஒரு வரி போடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

கடைசியில் வீட்டு வாசலில் நானே உட்கார்ந்து பார்த்தேன். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஃபேன் கவரைக் கழற்றி, டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து முழுக்கக் காயவிட்டேன். அதன் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, இன்ஜினே வெள்ளையாகும்படி விட்டேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, டார்ச் அடித்துக் காத்திருந்தேன். இன்ஜின் சூடாகும்வரை ஒன்றுமே இல்லை. அப்புறம் டாப்பெட் கவரின் கீழ் மூலையில், வெள்ளைப் பவுடருக்கு நடுவே ஊசி நுனி அளவுக்கு ஒரு ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மயிரிழை மாதிரி ஒரு பழுப்புக் கோடாக நீண்டு, சிலிண்டரின் அடிப்பக்கத்தில் இறங்கியது. ட்ரெயின் போல்ட்டைச் சுற்றிப் பவுடர் அப்படியே காய்ந்து கிடந்தது.

கவரைத் திறந்தேன். உள்ளே இருந்த ரப்பர் பேக்கிங் தட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போயிருந்தது. லேசாக வளைத்ததும் மளுக்கென்று ஒடிந்தது. சூட்டிலேயே வருடக்கணக்கில் கிடந்தால் ரப்பர் அப்படித்தான் ஆகும். சென்னை ஜி.பி. ரோட்டில் புதிது வாங்கினேன், நூறு ரூபாய்கூட ஆகவில்லை. மாட்டி, போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றிச் சீராக இறுக்கினேன். ஒழுகல் நின்றது. இதற்குத்தான் இன்ஜினை இறக்கச் சொன்னார்கள்!

நூறு ரூபாய் கோளாறு போனது சரி, பட்டறைகள் உண்டாக்கிய புதுக் கோளாறுக்கு யார் பதில் சொல்வது? இன்ஜின் கேஸ் அலுமினியம், ட்ரெயின் போல்ட் இரும்பு. அதற்கு வேண்டிய இறுக்கம் சுமார் 25 நியூட்டன் மீட்டர்தான், ஒரு கையால் சாதாரண ஸ்பானரில் கொடுக்கக்கூடியது. நீளமான ராடைப் போட்டு மிதித்தால் அலுமினிய மரை நைந்துவிடும். அப்புறம் லேத்துக்குப் போய் ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரை போட வேண்டும். ஆயில் மாற்றும்போதெல்லாம் மாற்ற வேண்டிய நசுங்கும் வாஷர் ஒன்று அந்தப் போல்ட்டில் உண்டு. அதை மாற்றுகிறவரை நான் பார்த்ததில்லை. நசுங்கிப்போன பழைய வாஷரையே போட்டு, அது ஒழுகாமல் இருக்க இன்னும் இறுக்குகிறார்கள்.

அனபாண்டும் அப்படித்தான். சொன்ன இடத்தில் மெல்லிசாகப் பூசினால் அது அருமையான பொருள். பேக்கிங்குக்குப் பதிலாகக் கேஸ் இடுக்கில் திணித்தால், பிதுங்குகிற பாதி உள்ளே விழுந்து ஆயிலை வடிகட்டும் வலையில் போய் அடைக்கும். ஆயில் மேலே ஏறாமல், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தேய்ந்தால் அப்போது உண்மையாகவே இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, ஆயில் அளவு. பெரும்பாலான 110 சிசி ஸ்கூட்டர்களுக்கு ஆயில் மாற்றும்போது 650 முதல் 800 மில்லி போதும். ஒரு லிட்டர் பாட்டிலை உடைத்தால் மிச்சம் வைப்பது பாவம் என்பது போல முழுவதையும் கவிழ்க்கிறார்கள். அளவுக்கு மிஞ்சிய ஆயில், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் போய் நனைக்கும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைத் தடுத்து நிறுத்தும் நல்ல ரப்பர் சீல்கூடக் கக்க ஆரம்பிக்கும். அப்போது சீலை மட்டும் மாற்றினால் புதிதும் கக்கும். ப்ரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

வேலை செய்கிற பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று அவர்கள் தலைமேல் ஆள் நிற்கிறது. லேபர் பட்டியலில் ஹெட்டைக் கழற்ற ஒரு தொகை இருக்கிறது, கிளட்சை மாற்ற ஒரு தொகை இருக்கிறது. கோளாறைத் தேடுவதற்குத் தொகை இல்லை. பிறகு யார் தேடுவார்கள்? தேடுகிற அரை மணி நேரத்துக்கும் கூலி போடுங்கள், மனதாரக் கொடுக்கிறேன். தேடாமல் பிரித்துப்போட்டுக் கேட்கும் காசுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கையில் வாங்குங்கள், பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டியில் இன்ஜின் ஆயில் தவிர, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தனியாக 100 மில்லி சொச்சம் கியர் ஆயில் உண்டு. அதில் ஊற்றியிருப்பது 90 நம்பர் ஆயில் என்றால் கந்தகம் மாதிரி நாறும், மோந்து பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். அது பெல்ட் கேஸுக்குள் கசிந்தால், இன்ஜினின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போகும் பெல்ட் வழுக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பெல்ட்டையும் கிளட்சையும் மாற்றிப் பணத்தை வாங்கிவிட்டு, கசிகிற சீலை அப்படியே விடுவார்கள். புதுப் பெல்ட்டும் நாசமாகும். அதுகூடப் பணத்தோடு போகும். பின்சக்கர ஆக்சில் சீல் போனால் அதே ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவில் ஊறும். பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக் பிடிக்காது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பிரேக் சரியில்லை என்று கொண்டு போனபோது ஷூவை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். ஆயில் ஊறிய ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தவனுக்கு அந்த ஆயில் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லையா?

பின் பிரேக் மந்தமாக இருந்தால் சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டிரம்முக்குள் நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் சீலை மாற்றி, டிரம்மைத் துடைத்து, ஷூவும் புதிதாகப் போடும்வரை வண்டியை எடுக்காதீர்கள். "ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க" என்று எவர் சொன்னாலும் சரி.