ராஜினாமா கடிதம் எழுதி வாங்காதீர்கள், அண்ணாச்சி

நம்ம திருநெல்வேலிப் பக்கம் சின்னத் தொழில்களில் ஆள்குறைப்புக்கு நோட்டீஸ் கொடுப்பவர் அபூர்வம். முதலாளி உள்ளே கூப்பிடுவார். "அண்ணாச்சி, ஆர்டர் இல்ல, உமக்கே தெரியும். ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துரும், அம்பதாயிரம் போட்டுத் தாரேன்." சொந்தக் காரணத்துக்காக வேலையை விடுவதாக ஒரு வரி, கீழே கையெழுத்து. இதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்குத் திருட்டுத்தனமாகத்தான் படுகிறது.

நானும் பாளையங்கோட்டையில் அச்சகம் நடத்துகிறவன்தான். கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் போக ஆரம்பித்த பிறகு மடிக்கவும் ஒட்டவும் இருந்த ஆட்களுக்கு முன்பு போல வேலை இல்லை. ஆளையே குறைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மொத்தமாகக் கதவைச் சாத்துவதைவிட நாலு பேரை அனுப்புவது மேல். எப்படி அனுப்புகிறோம் என்பதுதான் பேச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் கூலி 600, சர்வீஸ் 18 வருடம். ஆளைக் குறைத்தால் சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் 1,62,000 ரூபாய். ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம். பத்துப் பேராவது வேலை பார்த்த இடமென்றால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி, அதுவும் 15 நாள் கணக்கில் இன்னொரு 1,62,000. 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இழப்பீட்டுக் கணக்கு, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் மாறவில்லை. இத்தனைக்கும் பதிலாகத்தான் அந்த அம்பதாயிரம்!

பணம்கூடப் பரவாயில்லை. ஆலை மூடியோ ஆள்குறைப்பிலோ வேலை போனவருக்கு, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஓர் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அது கிடையாது. ஒரு கையெழுத்தில் அந்த வழியையும் அடைத்துவிடுகிறோம்.

மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை 2024-ல் அனுப்பியதற்கும் விருப்ப ஓய்வு என்றுதான் பெயர். தோட்டத்தின் குத்தகை 2028 வரை இருந்தது. தலைமுறை தலைமுறையாக மலையில் இருந்தவர்கள் விரும்பியா இறங்கியிருப்பார்கள்?

அப்புறம், யாரை அனுப்புவது? சட்டப்படி, ஒரே வேலை பார்ப்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நம்மவர்கள் செய்வது நேர் தலைகீழ். சம்பளம் கூடிப்போன பழைய ஆளை அனுப்பிவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அது ஆள்குறைப்பே இல்லை. உண்மையிலேயே குறைத்திருந்தால், ஒரு வருடத்துக்குள் மறுபடி ஆள் எடுக்கும்போது போனவருக்குத்தான் முதலில் சொல்லி அனுப்ப வேண்டும். (தீபாவளி போனஸ் கொடுக்க மனசில்லாமல் புரட்டாசியிலேயே ஆளை அனுப்புகிறவர்களும் உண்டு. பெயரைச் சொன்னால் நாளைக்கு ஒரு விசேஷ வீட்டில் முகம் பார்க்க முடியாது.)

"அவ்வளவு பணத்துக்கு எங்கே போக?" என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்கிற நேரம் தப்பு. மடிக்கிற மெஷினுக்கு பேங்கில் லோன் கேட்கும்போது ஜி.எஸ்.டி., இன்சூரன்ஸ், வயரிங் செலவு வரைக்கும் எழுதுகிறோம். அந்த மெஷினால் வெளியே போகப்போகிறவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையையும் அதே தாளில் எழுதட்டும். மெஷின் கட்டுப்படியாகுமா ஆகாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.