முதலில் டவுன்பைப், பிறகுதான் டியூனர்

பழைய டர்போ டீசல் பிக்கப் வாங்குகிற நம் ஆட்கள் இங்கே டெக்சாஸில் கூடிக்கொண்டே வருகிறார்கள். டிரெய்லர் இழுக்க ஒருவர், வாங்கிப் போட்ட நிலத்துக்குச் சாமான் ஏற்ற ஒருவர், சின்ன வயது ஆசைக்கு ஒருவர். வாங்கிய கையோடு எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, எந்த டியூனர் போடலாம்?" (எஞ்சினுக்குள் போகும் டீசலைக் கூட்டிச் சக்தியை ஏற்றும் மின்னணுச் சாதனம்தான் டியூனர்.)

என் பதிலும் எப்போதும் ஒன்றுதான். டியூனர் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் தம்பி. முதலில், புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவுக்குப் பின்னால் இறங்குகிற குழாயை, அதாவது டவுன்பைப்பை, மாற்று. அதோடு எக்ஸாஸ்ட் வெப்பம் காட்டும் இ.ஜி.டி. மீட்டர் ஒன்றை மாட்டு. அந்த ஊசி என்ன சொல்கிறது என்று கொஞ்ச காலம் பார். அதற்கப்புறம் எஞ்சினுக்குள் கூடுதல் டீசல் ஊற்றுவதைப் பற்றி யோசி.

இதை நீளமாக எழுதக் காரணம் உண்டு. பல பேர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து நல்ல எஞ்சினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, "டவுன்பைப்" என்ற பெயரிலேயே சில கடைகள் வேறொரு சாமானை விற்கின்றன. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது 1996 மாடல் ஃபோர்டு எஃப்-250. உள்ளே 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக். ஃபோர்டு பெயரில் ஓடினாலும் எஞ்சினைச் செய்தது நேவிஸ்டார் கம்பெனி. டி444இ என்ற பெயரில் இதே எஞ்சின் மஞ்சள் ஸ்கூல் பஸ்களிலும் ஓடியது. 1994 நடுவிலிருந்து 2003 வரை ஃபோர்டு பிக்கப்களில் வந்த இந்த எஞ்சினை அமெரிக்காவில் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். எனக்கும் இதன்மேல் தனிப் பிரியம். கையால் தொட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய எஞ்சின் இது.

இதில் டர்போ உட்கார்ந்திருப்பது, இரண்டு வரிசை சிலிண்டர்கள் சாய்ந்து நிற்கும் வி-8இன் நடுப்பள்ளத்தில், பின்பக்கமாக. இரண்டு பக்கமும் புகையைச் சேர்த்தெடுக்கும் மேனிஃபோல்டுகளிலிருந்து வருகிற புகை எஞ்சினின் முதுகுப்பக்கம் இரண்டு அப்-பைப்புகள் வழியே மேலே ஏறி டர்போவுக்குள் போகும். டர்போவின் சக்கரமான டர்பைனைச் சுழற்றிவிட்டு, எஞ்சினுக்கும், கேபினைப் பிரிக்கும் தகட்டுச் சுவரான ஃபயர்வாலுக்கும் நடுவில், பேசஞ்சர் பக்கமாகக் கீழே இறங்கும். அந்த இறங்கு குழாய்தான் டவுன்பைப். அங்கே இடம் ரொம்பக் குறைவு. ஃபேக்டரியில் என்ன செய்தார்கள் என்றால், குழாய் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக அதைச் சப்பையாக நசுக்கிவிட்டார்கள். என் வண்டியில் பழைய குழாயைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இவ்வளவு பெரிய எஞ்சினின் மொத்த மூச்சும் அந்த நசுங்கின வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது.

அந்த இடம் ஏன் அவ்வளவு முக்கியம்? டர்பைன் சுற்றுவது அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். பின்பக்கம் அடைத்துக்கொண்டால் அந்த வித்தியாசம் சுருங்கும், டர்போ சோம்பும். காற்று தாமதமாக வரும், ஆனால் டீசல் வந்துகொண்டே இருக்கும், வெப்பம் ஏறும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. டர்போவை விட்டு வெளியே வரும் இடத்தில் புகை இன்னும் கடுமையான சூட்டில் இருக்கிறது. சூடான வாயு அதிக இடம் கேட்கும். பின்னால் போகப் போக ஆறி, கன அளவு குறைந்துவிடும். அதனால் முதல் சில அடி குழாயில் இருக்கும் நெருக்கடிதான் மிகவும் பாதிக்கும். வண்டியின் வாலில் பளபளவென்று 6 இன்ச் முனை மாட்டுவதால் டர்போவுக்கு ஒரு பலனும் இல்லை. ஆனால் பலர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

கணக்கும் எளிதுதான். 3 இன்ச் வட்டக் குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 7 சதுர இன்ச். 4 இன்ச் குழாயில் அது பன்னிரண்டரை. விட்டத்தில் கூடுவது ஒரு இன்ச்தான், வழி கூடுவது முக்கால் பங்குக்கும் மேலே. அதிலும் பழைய குழாய் நசுங்கியது. முழு 3 இன்ச் கூட அங்கே கிடையாது.

"எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்", அதாவது வெளியேறும் புகைக்குக் கொஞ்சம் எதிர் அழுத்தம் வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. டர்போ டீசலுக்கு டர்பைனுக்குப் பின்னால் பேக் பிரஷரால் இழுவைக்கு எந்த நன்மையும் கிடையாது. வேறு வேலைக்கு அது உதவும் நேரம் உண்டு. குளிர்காலத்தில் எஞ்சின் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காக இந்த 7.3இல் டர்போ வாயிலேயே ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். அது காலையில் மூடிக்கொண்டு எஞ்சினைச் சூடாக்கிவிட்டுத் திறந்துகொள்ளும். வேண்டும்போது மட்டும் அடைக்க ஃபேக்டரியே தனி வால்வு வைத்திருக்கிறது என்றால், குழாயும் நிரந்தரமாக அடைத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் என்ன?

டியூனரை முதலில் போட்டால் நடப்பது இதுதான். டியூனர் கூடுதல் டீசல் ஊற்றும். வெளியேறும் வழி பழைய நசுங்கின வழியேதான். சமவெளியில் ஒன்றும் தெரியாது. டல்லாஸிலிருந்து ஹூஸ்டன் வரை சொகுசாகப் போய்வரலாம். டிரெய்லரைக் கட்டிக்கொண்டு கொலராடோ பக்கம் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். நியூ மெக்சிகோ எல்லையில் ரேட்டன் கணவாய் 7,834 அடி. அதைத் தாண்டி டென்வருக்கு மேற்கே ஐ-70இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே. ஏற்றம் 7 சதவிகிதம். அங்கே காற்றே மெலிந்து கிடக்கிறது. மெலிந்த காற்று, கூடுதல் டீசல், அடைத்த குழாய் மூன்றும் சேர்ந்தால் ஊசி ஏறிக்கொண்டே போகும். டர்போவுக்கு முன்னால் அளந்தால் 1,250 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது என்பது இந்த வண்டிக்காரர்கள் பலரும் கைக்கொள்ளும் எல்லை. அலுமினியம் உருகுவது 1,220 ஃபாரன்ஹீட்டில். பிஸ்டன்கள் அலுமினியக் கலவை. எண்ணெய் தெளித்துக் குளிரவைப்பதால்தான் அவை பிழைக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீட்டர் இல்லாமல் மலை ஏறத் தைரியம் வராது.

டவுன்பைப் மாற்றியபின் என் வண்டியில் கண்ட வித்தியாசத்தை உள்ளபடி சொல்கிறேன். அதே டிரெய்லர், அதே ஏற்றம்; முன்பு ஊசி ஏறிய இடம் வரை இப்போது ஏறுவதில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது. டர்போவின் விசில் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. குதிரைத்திறன் எகிறிவிட்டது, மைலேஜ் பிய்த்துக்கொண்டு போகிறது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அப்படி விளம்பரம் செய்கிறவர்களிடம் வாங்காதீர்கள். எஞ்சின் குளிர்ச்சியாக உழைக்கிறது. இழுவை வண்டிக்கு நான் கேட்பது அதைத்தான்.

வேலை கடினமா என்று கேட்கிறார்கள். பொறுமை இருந்தால் வீட்டு டிரைவ்வேயிலேயே செய்யலாம். ஆனால் வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். இந்த வண்டியில் பேட்டரி இரண்டு. இரண்டின் நெகட்டிவையும் கழற்றுங்கள். போல்ட்டுகளில் முதல்நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். டர்போ வாயில் வி-பேண்ட் கிளாம்ப் ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் நட்டைப் பிடிக்க வேண்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் இல்லாமல் அங்கே போகவே முடியாது. இருபது முப்பது வருஷம் சூடு தின்ற கிளாம்ப் அது. பழையதை மறுபடி மாட்டாமல் புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். பழைய குழாய் முழுசாக வெளியே வராது. ரம்பத்தால் இரண்டு துண்டாக வெட்டி எடுப்பதுதான் வழி.

புதிய 4 இன்ச் குழாய் உள்ளே போகும்போது ஃபயர்வாலின் அடி விளிம்பில் இடிக்கும். இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்ட் செய்த மடிப்பு அங்கே துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சுத்தியலால் தட்டி மடக்க வேண்டும். தட்டுவதற்கு முன் உள்பக்கம் வயர் ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எஞ்சின் ஓடாதபோது குழாய் ஒட்டாமல் நிற்கிறது, போதும் என்று நினைக்கிறார்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இந்த டீசல் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாயும். அப்போது குழாய் ஃபயர்வாலில் மோதி கேபின் முழுக்க டக் டக் என்று அடிக்கும். சுற்றிலும் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும்.

எல்லா கிளாம்ப்பையும் முதலில் தளர்வாகவே மாட்டி, குழாய் முழு நீளத்துக்கும் நேராக உட்கார்ந்தபின் டர்போ பக்கத்திலிருந்து பின்னோக்கி டைட் செய்யுங்கள். நடுவில் எங்காவது முதலில் இறுக்கினால் டர்போ வாயில் கோணிக்கொண்டு கசியும். அந்தக் கசிவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேபினுக்குள் வெளிக்காற்று இழுக்கும் வாய் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. புகை உள்ளே வந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டு வருகிற வண்டி. சில தடவை சூடாகி ஆறியபின் எல்லா கிளாம்ப்பையும் மறுபடி ஒருமுறை டைட் பாருங்கள்.

குழாயைக் கழற்றின நேரத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினின் பின்பக்கமும் ஃபயர்வாலும் கரி படிந்து கறுத்திருந்தால் அப்-பைப் மூட்டுகள் கசிகின்றன என்று அர்த்தம். 7.3இல் இது அடிக்கடி வருகிற வியாதி. டர்போவுக்குப் போக வேண்டிய அழுத்தம் வழியிலேயே வீணாகிறது. டவுன்பைப் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அதைச் சரிசெய்யாமல் பலன் கிடைக்காது.

இப்போது அந்த இன்னொரு சாமானைப் பற்றி.

அமெரிக்காவில் 2007 மாடல் ஆண்டிலிருந்து புதிய விதிகள் வந்தன. அதற்குப் பின் வந்த டீசல் பிக்கப்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், அதாவது டி.பி.எஃப். உண்டு. 2010ஐ ஒட்டி, புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா திரவம் ஊற்றும் அமைப்பும் சேர்ந்தது. இந்த வண்டிகளுக்கென்று கடைகளில் "டவுன்பைப்-பேக் கிட்" என்று ஒன்று விற்கிறார்கள். மேலே பார்த்தால் நான் மாற்றியதைப் போன்ற குழாய்தான். ஆனால் அது டர்போவிலிருந்து வால் வரை நேர்க்குழாய். வழியில் இருந்த, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடும். "ரேஸுக்கு மட்டும்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ரோட்டில் ஓடுகிற வண்டியில் அதை மாட்டினால் ஸ்டிக்கர் காப்பாற்றாது. தூய காற்றுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது.

"டெக்சாஸில் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பார்கள். இங்கே டீசலுக்குப் புகைச் சோதனை இல்லை. 2025 ஜனவரியிலிருந்து சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையும் இல்லை. யாரும் பார்க்க மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டல்லாஸும் ஹூஸ்டனும் ஓசோன் அளவில் தேறாத நகரங்கள். டீசல் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வெந்து ஓசோன் ஆகின்றன, அந்த வெயிலில்தான் நம் பிள்ளைகள் சாக்கர் விளையாடுகிறார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதிசெய்து முதல் பிரிவில் வைத்துவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் கொடுத்த அறிக்கையில், பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிக் கழற்றியிருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. அவற்றின் ஆயுளில் கூடுதலாக வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன். இது எதையும் கழற்றாத 90 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களைப் புதிதாக ரோட்டில் விட்டதற்குச் சமம் என்றது அந்த அறிக்கை.

"கம்பெனிக்காரனே ஏமாற்றுகிறான், நாம் செய்தால் என்ன?" என்றும் ஒருவர் கேட்டார். உண்மைதான், ராம் பிக்கப்களுக்கு எஞ்சின் செய்யும் கம்மின்ஸ், புகைக்கட்டுப்பாட்டை ஏமாற்றும் சாதனம் வைத்ததாக எழுந்த விவகாரத்தில், 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. கம்பெனி செய்தது தப்பு என்பதால்தானே அவ்வளவு பெரிய அபராதம்? அதே காரியம் நம் கராஜில் நடந்தால் எப்படிச் சரியாகும்?

ஃபில்டரால் படுகிற அவஸ்தை எனக்குத் தெரியும். அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், புதிது வாங்கினால் ஆயிரக்கணக்கில் டாலர் போகும். ஆனால் அது தானாக அடைவது குறைவு. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகும், டர்போ எண்ணெய் கசியும், அல்லது ஆபீசுக்குப் பத்து நிமிஷம் போய்வருவதற்கே வண்டி பயன்படும், ஃபில்டரில் சேர்ந்த கரி எரிந்துபோகும் அளவுக்குச் சூடாகவே வாய்ப்பில்லை. காரணத்தைத் தேடிச் சரிசெய்யுங்கள். ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து தருகிற கடைகள் இருக்கின்றன, புதிது வாங்குவதைவிட மலிவு. தினம் பத்து நிமிஷ ஓட்டம்தான் என்றால் பெட்ரோல் வண்டி வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

பழைய வண்டிக்காரர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில வருஷ மாடல்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தது, சிலவற்றில் இல்லை. பானட்டைத் திறந்தால் எமிஷன் லேபிள் ஒட்டியிருக்கும்; அதில் எழுதியிருக்கும். உங்கள் வண்டியில் கன்வெர்ட்டர் உண்டு என்றால், அதை விட்டுவைத்து அதற்கு முன்னால் வந்து சேருகிற டவுன்பைப்பை மட்டும் வாங்குங்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி ஆணை எண் உள்ள சாமானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருக்காவது தன் வண்டிக்கு எது பொருந்தும் என்று சந்தேகம் இருந்தால் அந்த லேபிளைப் போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள், எந்த வருஷ மாடல் என்றும் எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பக்கத்து ஊர் என்றால் சனிக்கிழமை வந்து கிளாம்ப் பிடிக்கவும் தயார். ஃபில்டர் கழற்றும் கிட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.